கண்ணாடிக்குள் ஒரு காவேரி

ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு ஜலத்தைப் பற்றி ஒரு கர்வம் உண்டு. தெற்கே காவேரி, வடக்கே கொள்ளிடம், நடுவில் தீவு. முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரிவதும், கல்லணைப் பக்கம் அந்த இரண்டும் மறுபடி நெருங்கி வருவதும் எங்கள் ஊர்க் குழந்தைகளுக்கு அரிச்சுவடியோடு தெரியும். "ஜலத்தைப் பற்றி எங்களுக்கா சொல்லித் தருகிறாய்?" என்று கேட்கக்கூடிய ஜனங்கள். அப்படிப்பட்ட ஊரில்தான், கூடத்து மேஜையின் மேல் நாலு சாண் நீளத்தில் ஒரு கண்ணாடித் தொட்டியை வைத்து, அதில் விட்ட தங்க மீன் மூன்றாம் நாள் மல்லாந்து மிதப்பதைப் பார்த்துக் கையைப் பிசைந்து நிற்கிறார்கள்.

மீன் செத்தால் காரணத்துக்குப் பஞ்சமில்லை. வந்து போன விருந்தாளியின் கண் பட்டுவிட்டது என்பார் பாட்டி. கடைக்காரன் சீக்குப் பிடித்த மீனைத் தலையில் கட்டிவிட்டான் என்பார் வீட்டுத் தலைவர். தீனி சரியில்லை என்பான் பையன். தொட்டியை ஈசானிய மூலைக்கு மாற்றச் சொல்லி யோசனை கூறும் அன்பர்களும் உண்டு. நான் யாரையும் கேலி செய்யவில்லை. வீட்டில் வைத்த மீன் ஏன் சாகிறது என்பது கேட்பதற்கு அற்பமான கேள்விதான். ஆனால் அதற்குச் சரியான விடை கிடைக்க உலகத்துக்கு இருநூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அந்தக் கதையில் ஒரு தகப்பனும் பிள்ளையும் வருகிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுத உட்கார்ந்தேன்.

தங்க மீனைப் பழக்கியவர்கள் சீனர்கள். சுங் வம்சத்து அரசர்கள் காலத்திலேயே, அதாவது நம் சோழர்கள் இங்கே ஆண்டுகொண்டிருந்த காலத்திலேயே, அங்கே அழகுக்காக மீன் வளர்த்தார்கள். குளத்திலும் வாயகன்ற மண் தாழியிலும் வளர்த்தார்கள். மேலேயிருந்து பார்த்து ரஸித்தார்கள். பதினேழாம் நூற்றாண்டில் அந்த மீன் கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போயிற்று. லண்டனில் சாமுவேல் பெப்பிஸ் என்ற அதிகாரி ஒருவர் நாள் தவறாமல் தினக்குறிப்பு எழுதியவர். 1665-ஆம் வருஷம் மே மாதம் ஒரு சீமாட்டியின் வீட்டில், கண்ணாடிப் பாத்திரத்தில் அந்நிய தேசத்து மீன்கள் நீந்துவதைக் கண்டு வியந்து, இவை இப்படியே என்றென்றும் உயிரோடிருக்குமாம் என்று குறித்து வைத்தார். எத்தனை நாளைக்கு இருந்தன என்பதை அவர் எழுதவில்லை. புது மீன் தொட்டி வாங்கியவர்கள் எல்லோரும் முதல் நாள் சாயங்காலம் பெப்பிஸாகத்தான் இருக்கிறோம்.

அடுத்த நூறு வருஷத்துக்கு இதில் பெரிய முன்னேற்றம் ஒன்றும் இல்லை. 1771-ல் இங்கிலாந்தில் பிரீஸ்ட்லி என்ற பாதிரியார், மெழுகுவர்த்தி எரிந்து கெட்டுப்போன காற்றுள்ள ஜாடிக்குள் ஒரு புதினாச் செடியை வைத்தார். சில நாளில் அந்தக் காற்று மறுபடி சுத்தமாகி, அதற்குள் இன்னொரு மெழுகுவர்த்தி எரிந்தது. 1779-ல் இங்கன்ஹௌஸ் என்ற டச்சு வைத்தியர், செடி அந்த உபகாரத்தை வெயில் படும்போது மட்டுமே செய்கிறது, இருட்டில் அதுவும் நம்மைப்போலவே காற்றைக் கெடுக்கிறது என்று நிரூபித்தார். இந்த இரண்டாவது விஷயத்தை வாசகர்கள் மனத்தில் முடிந்து வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் தேவைப்படும்.

பிறகு வந்தவர்கள் இரண்டு பெண்மணிகள். ஜான் வில்ப்ரூ என்ற பிரெஞ்சுப் பெண், தையற்காரியாக வாழ்க்கையைத் தொடங்கி, பவர் என்ற வியாபாரியை மணந்து ஸிஸிலித் தீவின் மெஸீனாவில் குடியேறியவர். 1832-ல் கடல் பிராணிகளை ஆராய்வதற்காகக் கண்ணாடித் தொட்டி செய்து வைத்தார். மற்றவர் லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்து உதவித் தலைவரின் மனைவி, ஆனா தைன் என்பவர். 1846-ல் கடற்கரையிலிருந்து சில பவளப் பூச்சிகளை வீட்டுக்குக் கொண்டுவந்தார். அவற்றை உயிரோடு வைத்திருக்க அவர் செய்த ஏற்பாடு நமக்கு உடனே புரியும். வேலைக்காரப் பெண்ணைத் திறந்த ஜன்னலோரம் நிறுத்தி, தொட்டித் தண்ணீரை ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொன்றுக்கு உயரத்தூக்கி ஊற்றச் சொன்னார். டவராவிலும் தம்ளரிலும் காபி ஆற்றுகிறோமே, அதேதான். ஆற்றினால் காற்று கலக்கிறது. இன்றைக்குத் தொட்டியில் குமிழி விடும் மோட்டார் அந்த வேலைக்காரப் பெண்ணின் வாரிசு.

இனித் தகப்பனாரிடம் வருவோம். ராபர்ட் வாரிங்டன் லண்டனில் மருந்து வியாபாரிகள் சங்க மண்டபத்தில் ரஸாயன நிபுணராக உத்தியோகம் பார்த்தவர். 1849-ல் பன்னிரண்டு காலன், அதாவது ஐம்பது லிட்டருக்குச் சற்று மேல் பிடிக்கும் கண்ணாடிப் பாத்திரம் ஒன்றை எடுத்தார். அடியில் மணலும் சேறும் கல்லும் போட்டார். நாடா நாடாவாக இலை விடும் வாலிஸ்நேரியா என்ற நீர்ச்செடியை நட்டார். நம் நாட்டு நீர்நிலைகளிலும் வளருகிற செடிதான் அது. இரண்டு சிறு தங்க மீன்களை விட்டார். செடி பிராண வாயுவை மீனுக்குக் கொடுக்கும், மீன் விடும் கரியமில வாயுவைச் செடி எடுத்துக்கொள்ளும் என்பது கணக்கு. கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆனால் கொஞ்ச நாளில் பழைய இலைகள் அழுகின, கண்ணாடியில் பச்சைப் பாசி படிந்தது, தண்ணீர் கலங்கிற்று. வாரிங்டன் யோசித்து, ஐந்தாறு குளத்து நத்தைகளை உள்ளே விட்டார். அவை அழுகலையும் பாசியையும் தின்றன. அவை இட்ட முட்டைகள் மீனுக்கு ஆகாரமாயின. தண்ணீர் தெளிந்தது. 1850-ல் இதை ரஸாயன சங்கத்தின் பத்திரிகையில் எழுதினார். மீன், செடி, நத்தை மூன்றும் கொடுக்கல் வாங்கலாகக் குடித்தனம் நடத்தினால் தண்ணீரையே மாற்ற வேண்டாம் என்பது அதன் சாரம்.

அவ்வளவுதான், இங்கிலாந்துக்குப் பைத்தியம் பிடித்தது. 1853-ல் லண்டன் மிருகக் காட்சிசாலையில் மீன் வீடு திறந்தார்கள். 1854-ல் காஸ் என்பவர் எழுதிய புத்தகத்தால் 'அக்வேரியம்' என்ற பெயரே ஊரெங்கும் பரவிற்று. வரவேற்பறைதோறும் தொட்டிகள். பத்து வருஷத்துக்குள் அந்த மோகம் தணிந்தும் போயிற்று. செத்த மீனை எத்தனை தடவைதான் எடுத்து எறிவது? மோகம் போனாலும் ஆசை போகவில்லை. நம் சென்னையிலேயே, அரசாங்க மியூஸியத்தின் தலைவராக இருந்த தர்ஸ்டனின் முயற்சியால் மெரீனாக் கடற்கரையில் ஒரு மீன் காட்சிசாலை எழும்பி 1909-ல் திறக்கப்பட்டது. இரண்டாவது உலக யுத்தத்தின்போது அது மூடப்படும்வரை, பட்டணம் பார்க்கப் போனவர்கள் பார்க்கத் தவறாத இடமாக இருந்தது.

வாரிங்டனின் கணக்கில் எங்கோ ஒரு வரவு எழுதப்படாமல் இருந்தது. மூச்சுக்காற்றுக்கு அவர் வழி செய்துவிட்டார். மீன் தின்று கழிப்பதற்கு? மீனின் செவுளிலிருந்து அம்மோனியா ஓயாமல் தண்ணீரில் கலக்கிறது. அழுகும் தீனியிலிருந்தும் அதுவே பிறக்கிறது. நிறமில்லை. சிறிதளவாக இருந்தால் வாசனையும் தெரியாது. ஆனால் மீனின் செவுளை எரித்துவிடும். ஒரு படி தீனி போட்டால் ஒரு படி விஷத்துக்கு வித்திட்டாயிற்று. கோவில் குளத்தில் பொரியும் கடலையும் தூவுவதைப் புண்ணியமாகக் கருதுகிறோம். குளம் பெரிது, நிறைந்திருக்கும்போது தாங்கும். கோடையில் முழங்காலளவு தண்ணீரில் அதே புண்ணியத்தை அதே அளவில் செய்தால் மீனுக்குத்தான் தெரியும் அதன் பலன்.

அப்படியானால் வாரிங்டனின் மீன்கள் எப்படிப் பிழைத்தன? செடி கொஞ்சம் அம்மோனியாவை உண்டது. மீதியை உண்டது யார்? இந்தக் கேள்விக்கு விடை மீன் தொட்டியிலிருந்து வரவில்லை, சாக்கடையிலிருந்து வந்தது. 1877-ல் பிரான்ஸில் ஷ்லோஸிங், மூன்ட்ஸ் என்ற இருவர், மணலும் சுண்ணாம்புக்கல்லும் நிரப்பிய ஒரு நீண்ட குழாயில் சாக்கடைத் தண்ணீரை மெதுவாகச் சொட்ட விட்டார்கள். இருபது நாள் வரை ஒன்றும் நடக்கவில்லை. மேலே போன அம்மோனியா கீழே அப்படியே வந்தது. அதன் பிறகு திடீரென்று அம்மோனியா மறைந்து, சாதுவான வெடியுப்புச் சத்தாக, நைட்ரேட்டாக மாறி வந்தது. வெறும் ரஸாயன மாற்றமாக இருந்தால் முதல் நாளே நடந்திருக்க வேண்டாமா? அவர்கள் குளோரோபாரம் ஆவியைக் குழாயில் செலுத்தினார்கள். மாற்றம் நின்றுவிட்டது. மயக்க மருந்தில் மயங்குவது உயிருள்ள பொருளாகத்தான் இருக்க வேண்டும். மணலில் யாரோ குடியிருக்கிறார்கள்!

இதைக் கேள்விப்பட்டு இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் என்ற விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் ஒருவர் வேலையில் இறங்கினார். அவர் பெயரும் ராபர்ட் வாரிங்டன். தொட்டி வாரிங்டனின் பிள்ளை. தகப்பனார் தங்க மீன்களை விட்டபோது அவருக்குப் பதினோரு வயது; மருந்து மண்டபத்திலேயே வளர்ந்த பையன். பெரியவனாகி அவர் ஆராய்ந்தது மீனை அல்ல, வயல் மண்ணை. பயிருக்கு நைட்ரேட் எப்படிக் கிடைக்கிறது என்பது அவர் கேள்வி. பத்து வருஷத்துக்கு மேல் பாடுபட்டு, வேலை இரண்டு கட்டமாக நடக்கிறது என்று கண்டார். ஒரு வகை நுண்ணுயிர் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது. இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. நைட்ரைட்டும் விஷமே, மீனின் இரத்தத்தைப் பழுப்பாக்கி மூச்சை அடைப்பது. ஆகவே இரண்டு குடியும் இருந்தால்தான் பிழைப்பு. அந்த நுண்ணுயிர்களைத் தனியே பிரித்தெடுக்க மட்டும் சின்ன வாரிங்டனால் முடியவில்லை. சத்து நிறைந்த கூழில் வைத்தால் அவை வளர மறுத்தன. 1890-ல் ஸூரிச்சில் வினோகிராட்ஸ்கி என்ற ருஷ்யர் அந்தப் பெருமையைத் தட்டிக்கொண்டு போனார்.

தகப்பனார் 1867-லேயே காலமாகிவிட்டார். தம் பாத்திரத்தின் அடியில் கிடந்த மணலின் ரகசியத்தைத் தம் பிள்ளையே ஒருநாள் அவிழ்ப்பான் என்று அவர் அறிந்திருக்க நியாயமில்லை. மீன் வளர்ப்பவர்களுக்கு இந்த ஞானம் வந்து சேர இன்னும் பல பத்து வருஷங்கள் ஆயின. கதை அதோடும் முடியவில்லை. நைட்ரைட்டைத் தின்பது நைட்ரோபாக்டர் என்ற இனம் என்றே நூறு வருஷமாகச் சொல்லி வந்தார்கள். 1998-ல் நன்னீர் மீன் தொட்டிகளையே ஆராய்ந்தபோது, அங்கே அந்த வேலையைச் செய்வது நைட்ரோஸ்பைரா என்ற வேறொரு இனம் என்று தெரிந்தது.

ஏட்டுச் சுரைக்காயாகத் தோன்றினால் ஒரு சம்பவம் சொல்கிறேன். எனக்குத் தெரிந்த ஒருவர், பொன்மலை ரயில்வே பட்டறையில் முப்பது வருஷம் யந்திரங்களோடு பழகி ஓய்வு பெற்றவர். அவர் மனைவி பக்கவாதத்தில் படுத்த படுக்கையாக இருந்தாள். கட்டிலுக்கு எதிரே, அவள் கண்ணுக்கு நேராக, ஒரு மீன் தொட்டி வைத்தார். பேச்சுப் போய்விட்ட அந்த அம்மாள் காலையில் கண் விழித்ததும் விரலை மடக்கி மீன்களை எண்ணுவாள். எண்ணிக்கை குறைந்திருந்தால் அன்று முழுவதும் கஞ்சி இறங்காது. அதனால் அவர் விடியுமுன் எழுந்து, செத்ததை எடுத்துவிட்டு, பக்கத்து டப்பாவில் வைத்திருக்கும் வேறொன்றை விட்டுவிடுவார். இப்படி எத்தனை நாள் நடக்கும்?

பட்டறைக்காரர் அல்லவா, நோட்டுப் போட்டு எழுத ஆரம்பித்தார். இரண்டு மாதத்துக் கணக்கைப் பார்த்தபோது ஒன்று புலப்பட்டது. சாவெல்லாம் புதன், வியாழன். ஞாயிற்றுக்கிழமைதோறும் அவர் தண்ணீர் முழுவதையும் கொட்டி, மணலை வெந்நீரில் அலசி, வெயிலில் காயவைத்து, பளிச்சென்று புதுத் தண்ணீர் நிரப்புவார். யந்திரத்தைத் துடைப்பதுபோல் துடைத்தார். ஞாயிறுதோறும் மணலில் குடியேறிய வைத்தியர்களை வெந்நீர் ஊற்றிக் கொன்றார் என்று பொருள். திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் அம்மோனியா ஏறும். புதன்கிழமை மீன் சாயும். விஷயம் தெரிந்ததும் மணலைத் தொடுவதை விட்டார். மீனைப் பாதியாகக் குறைத்தார். வாரம் ஒருமுறை கால் பங்குத் தண்ணீரை மட்டும், முதல் நாளே வாளியில் பிடித்து வைத்து, மாற்றினார். ஒரு மாதம் தத்தளித்தது; பிறகு நின்றது. அதன் பிறகு அந்த அம்மாள் இருந்த ஒன்றரை வருஷமும் எண்ணிக்கை குறையாமல் இருந்தது என்று அவர் சொன்னபோது, யந்திரம் ஓடிய கணக்குச் சொல்லும் குரலில்தான் சொன்னார்.

வாளியில் பிடித்து வைப்பானேன் என்று கேட்கலாம். பழைய நாளில் குடத்தைத் தூக்கிக்கொண்டு காவேரிக்குப் போனோம். இன்று கம்பரசம்பேட்டையிலிருந்து குழாயில் வருகிறது. வரும்போது குளோரினோடு வருகிறது. இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் ஆரம்பத்தில் அமெரிக்காவில் ஜெர்ஸி நகரத்தில், 1908-ல், அதை நித்தியப்படி ஊர்த் தண்ணீரில் கலக்க ஆரம்பித்தார்கள். விஷ ஜுரத்திலிருந்தும் காலராவிலிருந்தும் எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றிய மருந்து அது. மனிதனைக் காப்பாற்றுகிற அதே மருந்து மீனின் செவுளைப் பொசுக்கிவிடும். வாய் திறந்த வாளியில் ஒரு நாள் வைத்தால் பெரும்பாலும் பறந்துவிடும். போட்டோ ஸ்டூடியோக்களில் படம் கழுவ வைத்திருந்த ஹைப்போ உப்பில் ஒரு சிட்டிகை போட்டாலும் குளோரின் உடனே அடங்கிவிடும்.

தண்ணீரில் குற்றமில்லாமல் நிஜமான தொற்று நோயாலும் மீன் சாகும். உடம்பெல்லாம் ரவையைத் தூவினாற்போல் வெள்ளைப் புள்ளி. மீன் கல்லில் உராய்ந்துகொள்ளும். 1876-ல் பூக்கே என்ற பிரெஞ்சுக்காரர் இதற்குக் காரணமான ஒட்டுண்ணியை விவரித்தார். அதன் ஜீவிய சரித்திரம் திருடனுடையது. தோலுக்குள் பதுங்கித் தின்னும். கொழுத்ததும் வெளியேறி அடியில் விழுந்து, ஓடு கட்டிக்கொண்டு நூற்றுக்கணக்காகப் பிளக்கும். குஞ்சுகள் நீந்திப் புறப்பட்டு, இரண்டொரு நாளில் வேறு மீன் கிடைக்காவிட்டால் மடியும். மருந்து பலிப்பது இந்தக் கடைசிக் கட்டத்தில்தான். புள்ளி மறைந்ததும் குணமாகிவிட்டது என்று மருந்தை நிறுத்துபவர்கள் இதனால்தான் ஏமாறுகிறார்கள். புள்ளி மறைந்தது, திருடன் குட்டி போடப் போயிருக்கிறான். மார்கழிக் குளிரில் திடீரென்று தண்ணீர் சில்லிட்டு மீன் சோர்ந்திருக்கும்போது இந்த நோய் தலைதூக்குவது வழக்கம்.

கோடை வேறு விதம். இருபது டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் ஒன்பது மில்லிகிராம் அளவுக்குப் பிராண வாயுவைத் தாங்கும். முப்பது டிகிரியில் ஏழரைதான். திருச்சி வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. சூட்டில் மீனுக்கு மூச்சு அதிகம் வேண்டும், தண்ணீரில் மூச்சு குறைவு. போதாக்குறைக்கு அம்மோனியாவின் கொடுமையும் சூட்டில் ஏறுகிறது. கிணற்றுத் தண்ணீர் காரமாக இருந்துவிட்டால், காரம் ஒரு படி ஏறும்போது விஷப் பகுதி ஏறக்குறையப் பத்து மடங்காகிறது. இங்கன்ஹௌஸை முடிந்து வைக்கச் சொன்னேனே, இப்போது அவிழ்க்கலாம். பகலில் காற்றுக் கொடுத்த பாசி இரவெல்லாம் காற்றை வாங்குகிறது. ஆகவே பாசி பிடித்த தெப்பக்குளத்தில் மீன்கள் வாயைப் பிளந்து மேலே வருவது விடியற்காலையில்.

நல்ல வைத்தியன் நாடியைத் தொடுமுன் நாலு கேள்வி கேட்பான். மீனுக்கும் அப்படியே கேட்க வேண்டும். எல்லாம் ஒரே நாளில் விழுந்ததா, ஒன்றொன்றாகவா? ஒரே நாளில் என்றால் குற்றம் தண்ணீரில். ஒன்றொன்றாக என்றால் பெரும்பாலும் தொற்று. விடியற்காலையிலா? காற்றுப் போதவில்லை. தண்ணீர் மாற்றிய அன்றேயா? குளோரின், அல்லது சூட்டு வித்தியாசம். புதுத் தொட்டி வைத்து ஒன்றிரண்டு வாரத்திலா? மணலில் இன்னும் குடி ஏறவில்லை. புது மீன் வந்த பிறகா? அதுதான் நோயைக் கொண்டுவந்தது. இந்தக் கேள்விகளுக்குப் பிறகு மருந்துக் கடைக்குப் போகலாம். அநேகமாகப் போக வேண்டியிராது.

நம்மவர்களிடம் தண்ணீரைப் பற்றி இரண்டு ஞானம் இருந்தது. ஆடிப் பெருக்கில் செந்நிறமாக வரும் புதுப்புனலைத் தேற்றான் கொட்டையைக் குடத்தில் உரைத்துத் தெளிய வைப்பார்கள். அது கண்ணுக்குத் தெரியும் அழுக்கை அடியில் இறக்கும் வித்தை. மற்றொன்று, கோடையில் ஆறு வற்றியதும் மணலைக் கையால் தோண்டி ஊற்று எடுப்பது. முதல் ஞானத்தை மட்டும் நம்பித்தான் தொட்டியைப் பளபளவென்று தேய்க்கிறோம். கண்ணாடிபோல் தெளிந்த தண்ணீரிலும் மீன் சாகும் என்பதை அது சொல்லித் தராது. ஊற்று சொல்லித் தரும். மேலே மாடு இறங்கி, துணி துவைத்து, ஊரே குளித்த ஆற்றின் தண்ணீர், நாலடி மணலுக்குள் இறங்கி இனிப்பாக ஊறுவது எப்படி? அந்த மணலின் ஒவ்வொரு பருக்கையிலும் வழுவழுவென்று ஒட்டியிருக்கிறதே, அழுக்கென்று நாம் தேய்த்துக் கழுவுகிற அந்தப் பூச்சு, அதற்குள் உட்கார்ந்து யாரோ இராப்பகலாக வேலை செய்கிறார்கள். காவேரிக்கு அவர்களை யாரும் கொண்டுவந்து விடவில்லை. கண்ணாடித் தொட்டிக்கு மட்டும் நாம் இருபது நாள் பொறுத்திருந்து, அவர்கள் வந்து குடியேற விட வேண்டியிருக்கிறது.